ஆமைக்குக் கொண்டுவந்த கடல் தண்ணீர்

எனக்கு இழுப்பு. நாயோ பூனையோ பக்கத்தில் வந்தாலே நெஞ்சு விசிலடிக்கும். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகிச் செங்கல்பட்டில் குடியேறியபோது என் கணவர் மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டர். விடிவதற்குள் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். பகலெல்லாம் பேச்சுத் துணைக்கு எனக்குச் சுவர்தான். முடியில்லாத பிராணி ஏதாவது பிடித்து வாருங்கள் என்று அடம்பிடித்தேன். நான் பிடிவாதக்காரிதான், இன்றைக்கும்.

முதலில் பச்சோந்தி என்று பேச்சு. அதற்கு வெட்டுக்கிளியை உயிரோடு பிடித்துப் போட வேண்டுமாம். எனக்கென்ன வேறு வேலை இல்லையா? பிறகு உடும்பு. டிரைவர் ஒருவர் தருகிறேன் என்றாராம், கூடவே எப்போது குழம்பு வைப்பீர்கள் என்றும் கேட்டாராம். பாம்பு என்று கணவர் வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். கடைசியில் மிஞ்சியது ஆமை. கத்தாது, துரத்தாது, முடி கொட்டாது.

ஒரே தொல்லை வீட்டுக்காரம்மா. முன்கட்டில் அவர், பின்கட்டில் நாங்கள். ஆமை என்றாலே குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவர். சேதி காதில் விழுந்ததும் கிணற்றடிக்கே வந்து கத்தினார்.

"ஆமை உள்ள வந்துச்சுனா நீங்க வெளிய. மாசக் கடைசில வூட்டக் காலி பண்ணிடணும், ஆமா!"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "வரட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று கிடந்தது. இரண்டு நாள் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். ஆமை, மாமல்லபுரம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் அகப்பட்டது. தினமும் பஸ்ஸில் வரும் மீன்காரர் ஒருவர் பிடித்து வைத்திருந்தார். கடலோரத்து ஆமைக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா? என் மூளையில் உதித்த கேள்விதான் இது. கணவர் மண்ணெண்ணெய் டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவி, நாலு நாள் கடல் தண்ணீர் சுமந்து வந்தார். "இன்னா அண்ணாத்த, கடலையே தூக்கிகினு போறியா?" என்று பஸ்ஸே சிரித்ததாம். தொட்டி நிரம்பத் தளும்பியது. அடியில் கிளிஞ்சல்கூடப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆமை வந்தது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடு கோடாக யாரோ கோலம் போட்டு வைத்தாற்போல அப்படி ஓர் அழகு! கால்கள் தடித்திருந்தன, விரலிடுக்கில் சவ்வே இல்லை. அதை நாங்கள் எங்கே பார்த்தோம்? பக்குவமாகத் தூக்கித் தண்ணீரில் விட்டோம். நாலு காலும் படபடவென்று அடித்தன.

"நீச்சலடிக்குது பாருங்க!" என்று நான் கைதட்டினேன். ஆமை அடியில் போனது.

"முக்குளிக்குது பாருமே" என்றார் கணவர், பெருமையாக.

தண்ணீர் சேந்த வந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அடிப் பாவி, அது சாவுதுடீ! கண்ணு பூட்சா ஒனக்கு?" முழங்கை வரை உள்ளே விட்டு ஆமையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "எங்க ஊரு படாளத்துக் கொல்லையில மல்லாட்டச் செடியில மேஞ்சிகினு இருக்கும் இது. தரை ஆமை! தண்ணில எவனாவது போடுவானா?" கழுத்து தொங்கிக் கிடந்தது. வெகு நேரம் கழித்து ஆமை ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

அன்றே தண்ணீரைக் கொட்டி, தொட்டியில் மண் நிரப்பி, பாதிக்குக் கீற்று வேய்ந்து, குடிக்கத் தண்ணீர் ஊற்றத் தட்டையான அகல் ஒன்றைப் புதைத்தோம். யோசனையெல்லாம் வீட்டுக்காரம்மாவுடையது. ஆனால் காலி பண்ணச் சொன்னதை மட்டும் அவர் திருப்பி எடுக்கவில்லை, நானும் கெஞ்சவில்லை.

மாதக் கடைசியில் வீராப்பாகப் பெட்டி கட்டினேன். வாசலில் மாட்டுவண்டி நின்றது. கூடையில் வைக்கோல் பரப்பி ஆமையை எடுக்கப் போனால், தொட்டிக்கு முன்னால் வீட்டுக்காரம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் கையிலிருந்து அது பூசணிப் பூவைத் தின்கிறது. என் கையில் அது ஒரு நாளும் தின்றதில்லை. வயிறு எரிந்தது எனக்கு.

"ஒங்களத்தான் போவச் சொன்னேன். இத யாரு போவச் சொன்னா?"

"இது என் ஆமை."

"கொல்லப் பாத்தவ நீ. தூக்கினவ நானு."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதால் இழுப்பு வரும், அதுவும் வந்தது. வீட்டுக்காரம்மா முனகிக்கொண்டே எழுந்து வந்து என் முதுகை நீவிவிட்டார்.

"சரி, அழுவாத. பெட்டிய எறக்கு. ரெண்டு பேருமா பாத்துக்கலாம். ஆனா அதுக்குத் தண்ணி வெக்கிற வேல மட்டும் ஒனக்குக் கெடையாது."