மற்ற மிஸ்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள், என் மனுசனும் சிரித்தவர்தான். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து முடிந்த கையோடு.

அப்போது எனக்கு இரண்டு வேலை. விடிய நாலரைக்கு ஒரு பேக்கரியில் பாண் அடுக்க வேண்டும். அது முடிய ஒன்பது மணிக்கு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில மொழி உதவியாளர், அதாவது நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய் ஆங்கிலம் பேசப் பழக்குவது. பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து அஜக்ஸில் வீட்டுக்குப் போனால் அங்கே சமையல். சிவப்பு விளக்கில் கார் நிற்கிற நேரத்தில்கூடக் கண் சொருகும். "கொஞ்சம் படு" என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் அதே ஓட்டம்தான்.

அந்த வருடம் வந்தவள்தான் டிலானி. பதினைந்து வயது, மன்னார்ப் பிள்ளை, வெக்ஸ்போர்ட்டில் சித்தி வீட்டில் இருந்தாள். வந்த முதல் கிழமையே பஸ் மாறி ஏறி, எங்கேயோ இறங்கி, வழி கேட்க வாய் வராமல் பனிக்குள் இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசமாட்டாள். என்னோடு மட்டும் தமிழில் ஒன்றிரண்டு வார்த்தை. மாசி மாதத்து வாய்மொழிச் சோதனையிலும் பேசாவிட்டால் வேறு பள்ளியில் உள்ள விசேட வகுப்புக்கு அவளை மாற்றுவதென்று எங்கள் பொறுப்பாசிரியை முடிவெடுத்திருந்தார். அங்கே போக இரண்டு பஸ் எடுக்க வேண்டும்.

சோதனைக்கு முதல் நாள் டிலானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், என்னை அங்க அனுப்பாதேங்கோ. நான் துலைஞ்சு போயிடுவன்."

"நீ வாயைத் திறந்தாக் காணும் பிள்ளை. ஒருத்தரும் அனுப்ப மாட்டினம்" என்றேன்.

சோதனை நூலகத்துக்குப் பக்கத்து அறையில். ஒரு மேசை, மூன்று கதிரை, ஒலிப்பதிவுக் கருவி, பன்னிரண்டு கேள்விகள் உள்ள படிவம். கேள்வியை நான் ஆங்கிலத்தில் மட்டும் கேட்க வேண்டும், தமிழில் எடுத்துக் கொடுக்கக்கூடாது, பிள்ளை யோசிக்கும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும், தொடக்கம் முதல் முடிவுவரை பதிய வேண்டும். நான் பதிவைத் தொடக்கி முதல் கேள்வியைக் கேட்டேன். அவள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். நான் காத்திருந்தேன். ஹீட்டர் இதமாக அடித்தது, நானோ மூன்று மணிக்கு எழும்பியவள். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

கழுத்து வலித்து விழித்தால் இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. ஐயோ கடவுளே என்று பதறிப் படிவத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு கேள்விக்கும் புள்ளி போட்டு, கீழே என் கையெழுத்து. "முடிஞ்சுது மிஸ்" என்று சொல்லிவிட்டு டிலானி எழும்பிப் போய்விட்டாள். தூக்கக் கலக்கத்தில் நானே எல்லாம் செய்திருப்பேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அப்படியொரு கலக்கத்தில் ஒருநாள் தேத்தண்ணிக்குள் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டவள்தானே நான்.

அடுத்த நாள் பொறுப்பாசிரியையோடு இருந்து பதிவைக் கேட்டேன். நம்பினால் நம்புங்கள், கேள்வி கேட்டது என் குரல்தான். ஆனால் களைப்பே இல்லாத குரல், இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இருந்த குரல். டிலானி பதில் சொல்கிறாள், உடைந்த ஆங்கிலம், ஆனாலும் சொல்கிறாள், பஸ்ஸைப் பற்றி, பனியைப் பற்றி. ஆசிரியைக்குச் சந்தோசம். பிறகு முகத்தைச் சுருக்கி, பின்னால் அது என்ன சத்தம் என்று கேட்டார்.

அது என் குறட்டை. என் மனுசன் பகிடிக்கு ஃபோனில் பதிந்து போட்டுக் காட்டியிருக்கிறார், எனக்கு நன்றாகத் தெரியும். மேலே நான் கேள்வி கேட்கிறேன், அடியில் நான் குறட்டை விடுகிறேன், இரண்டும் ஒரே நேரத்தில்.

"ஹீட்டர்" என்றேன்.

கடைசியில் அந்தக் குரல் தணிந்து தமிழுக்கு மாறியது. "இவவை எழுப்பாதை. கொஞ்சம் படுக்கட்டும்."

என்ன சொன்னீர்கள் என்று ஆசிரியை கேட்டார். சோதனை முடிந்தது, நீ போகலாம் என்று சொன்னேன் என்றேன். உண்மையைச் சொன்னால் சோதனை செல்லாது, என் வேலையும் போகும், அது இருக்கட்டும், அந்தப் பிள்ளையை இரண்டு பஸ்ஸில் ஏற்றி விடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். டிலானி எங்கள் பள்ளியிலேயே இருந்தாள்.

அன்று மத்தியானமே அவளைப் பிடித்துக் கேட்டேன். "நான் நித்திரை கொண்டனான் எல்லோ? அப்ப ஆர் கேள்வி கேட்டது?"

"நீங்கள்தான் மிஸ். நீங்கள் நித்திரை. மற்றக் கதிரையிலையும் நீங்கள்தான் இருந்தீங்கள்."

"பயமா இருக்கேல்லையோடி?"

"இல்லை. அந்த மிஸ் அவசரப்படுத்தேல்ல."

எனக்கு முகம் சுட்டது. அத்தனை மாதமும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன்.

படிப்பு முடிந்து போகிற நாளில் டிலானி இரண்டு சொக்லேட் பெட்டி கொண்டு வந்தாள். "ஒண்டு உங்களுக்கு. மற்றது அந்த மிஸ்ஸுக்கு. உங்கட வேலையையும் அவதானே செய்தவ, களைச்சிருப்பா."

இரண்டையும் காரில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தேன். 401இல், மோர்னிங்சைட் தாண்டி, வாகனங்கள் அசையாமல் நின்ற நேரம், பெல்ட் போடச் சொல்லுகிற மணி அடிக்கத் தொடங்கியது. என் பெல்ட் போட்டுத்தான் இருந்தது. விளக்கு எரிந்தது பக்கத்து இருக்கைக்கு, அதில் ஆள் பாரம் இருந்தால்தான் அது எரியும். இரண்டு சொக்லேட் பெட்டி என்ன பாரம் வரும், சொல்லுங்கள். கராஜில் காட்டினோம், ஒரு பிழையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கும் கண் சொருகுகிற பின்னேரங்களில் மட்டும் அது அடிக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கார் நிற்கிற இடத்தில் கையை மட்டும் நீட்டி, அந்தப் பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிடுவேன்.