தண்ணீர் குடித்த ஒட்டுத்தென்னை

குப்பம்மாள் பொறாமைக்காரி என்றால் புதூர்நாட்டு மலையில் யாரும் மறுக்க மாட்டார்கள். அவளே மறுக்க மாட்டாள். அவள் கொல்லைக்கும் ஓரகத்தி சாந்தம்மாளின் கொல்லைக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு, அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது போட்டது. இளையவன் ராஜாக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு சாந்தம்மாள் வந்த நாளிலிருந்து அவள் மாடுதான் கூடுதலாகக் கறந்தது, அவள் சாமைதான் கூடுதலாக விளைந்தது. குப்பம்மாளுக்கு அப்படித்தான் தோன்றியது.

எழுபத்தாறாம் வருஷம் விவசாய ஆபீசர் ஜீப்பில் ஒட்டுத்தென்னங்கன்றுகள் கொண்டுவந்தார். குட்டைத் தென்னையைத் தாயாக வைத்து உண்டாக்கிய ஐந்து கன்று குப்பம்மாளுக்கு, நெட்டையைத் தாயாக வைத்த ஐந்து சாந்தம்மாளுக்கு. ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றிவிட்டு நிறுத்திவிட வேண்டும். வறட்சியில் எது நன்றாகக் காய்க்கிறதோ அந்த ஜாதியை மலை முழுக்கக் கொடுப்பதாகச் சொன்னார்.

குப்பம்மாளின் மரங்கள் நாலாம் வருஷமே பாளை விட்டன. அந்த ஒரு வருஷம்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். தண்ணீரை நிறுத்தியதும் குரும்பை எல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. சாந்தம்மாளின் மரங்கள் பாளை விட்டது தாமதமாகத்தான், ஆனால் பிடித்த காயை விடவில்லை. குப்பம்மாள் தினமும் வரப்பில் நின்று அண்ணாந்து எண்ணினாள். மரத்துக்கு ஏழு. எண்ணி முடிப்பதற்குள் வயிறு பற்றி எரிந்தது.

ஒரு விடியலில் ஊற்றுக்குப் போனவள், குடத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் தென்னையடியில் கவிழ்த்தாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. மரத்துக்கு இரண்டு குடம். மழை பொய்த்த எண்பத்திரண்டிலும் அவள் விடவில்லை. ஈரம் தெரியாமலிருக்கச் சருகைப் போட்டு மூடினாள். இடுப்பு விட்டுப்போனது. மரம் காய்த்தது.

மறு வருஷம் ஆபீசர் வந்து இரண்டு பக்கமும் எண்ணினார். இங்கே மரத்துக்குப் பதினைந்து, அங்கே ஏழு. இந்த மலைக்குக் குட்டைத் தாய் ஜாதிதான் என்று எழுதிக்கொண்டு போனார். குப்பம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சாந்தம்மாளின் முகம் சுருங்கியதைப் பார்க்க அவளுக்கு இரண்டு கண் போதவில்லை.

அடுத்த மாசம் ராஜாக்கண்ணு கோடாலியோடு தன் தென்னையடியில் நின்றான். புதுக் கன்று வைக்க அவனுக்கு வேறு நல்ல மண் இல்லை. சாந்தம்மாள் வரப்புக்கு வந்தாள்.

"இத வெட்டிட்டு உன் ஜாதியவே வெக்கப் போறோம்க்கா. கன்னு வந்தா நீதான் பொறுக்கித் தரணும். உன் கைராசி எனுக்கு ஏது?"

குப்பம்மாள் ஆசைப்பட்டதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஏழு காய் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த மலையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் வெட்டு விழுந்தது.

"நிறுத்து ராஜாக்கண்ணு. என் மரம் தண்ணி குடிச்ச மரம்."

"இன்னா அண்ணி சொல்றீங்க?"

"நாந்தான் ஊத்தினேன். தெனம் பத்து கொடம். உன் பொண்டாட்டி மரம் காய்க்குதேன்னு எனுக்குப் பொறுக்கல. ஊத்தலன்னா என்னுது ஒரு காய்கூட நின்னிருக்காது."

சாந்தம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று குப்பம்மாள் காத்திருந்தாள். திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தையும் தயாராக வைத்திருந்தாள். சாந்தம்மாளோ வரப்பைத் தாண்டி வந்து அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா நொண்டிகினு நடந்தது இதுக்குத்தானா? சொல்லியிருந்தா நானும் ரெண்டு கொடம் தூக்கினு வந்திருப்பேனே."

ஆபீசரிடமும் குப்பம்மாளே போய் உண்மையைச் சொன்னாள். மலைக்கு வந்தது சாந்தம்மாளின் ஜாதி. அந்த வருத்தம்கூட நாளாக ஆக ஆறிவிட்டது. ஆனால் சாந்தம்மாள் தூக்கி வந்திருப்பேன் என்ற அந்த இரண்டு குடம் ஆறவில்லை. அதுவரை ஓரகத்தியின் காயைப் பார்த்து எரிந்தவள், அதற்குப் பிறகு சாகும்வரை அவள் மனசைப் பார்த்து எரிந்தாள்.