அலுமாரியில் நான் ஒளித்த வரிக் கடிதம்

என் கணவர் யூசுப் ஜெர்மன்காரர். இஸ்லாத்தைத் தழுவி என்னை நிக்காஹ் செய்து, இலங்கையில் எங்கள் ஊரான எத்தாளையிலேயே குடியிருக்கிறார். இங்கே வாழ்ந்தாலும் வருடாவருடம் தன் நாட்டுக்கு வருமான வரிப் படிவம் அனுப்ப வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுப்பவர் அங்குள்ள ஒரு பெண். என்னோடு சொல் தேடித் தேடித் தமிழில் கதைக்கும் மனிதர், அவளோடு தொலைபேசியில் தங்கள் மொழியில் சிரித்துச் சிரித்துக் கதைப்பார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவர் கடற்கரைக்குப் போயிருந்தபோது, அனுப்பியவர் என்று அவள் பெயர் எழுதிய கடிதம் தபாலில் வந்தது. எடுத்து அலுமாரியில் என் சாரிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

இரண்டு கிழமையாக அவர் தபாற்கந்தோருக்கு நடையாய் நடந்தார். பிறகு ஒரு காலையில், "வரிப் படிவம் அனுப்ப நாளைக்குக் கடைசி நாள். கடிதம் இல்லாட்டி எனக்குப் பெரிய பிரச்சினை" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். "அந்தப் பொம்புளையில எரிச்சல் வந்துதான் ஒளிச்சன்" என்று அழுதேன்.

அவர் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த படிவத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தார். "பாருங்க, இது உங்கட பேர். கலியாணம் முடிச்சும் படிவத்தில நான் தனி ஆள் எண்டு இருந்திச்சு. அது பிழை, மனைவியும் கையெழுத்து வைக்கோணும் எண்டு அவதான் சொன்னா."

அப்போதே கையெழுத்திட்டேன். படிவத்தைப் படம்பிடித்து அவளுக்கு அனுப்பித் தப்பினோம்.

இப்போது எந்தக் கடிதம் வந்தாலும் நேரே அவர் கையில் கொடுக்கிறேன். பொறாமை முழுதாய்ப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவள் அழைத்தால் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "என்ன சொல்றா?" என்று வாய்விட்டே கேட்டுவிடுகிறேன்.