சிலம்பரசன் கழற்றிய பீப்பி

விழிதியூர் சிலம்பரசனுக்கு மைக்செட் கட்டுவது தொழில், ட்ரோன் பைத்தியம். அவனே ஒட்டுப்போட்டுச் செய்த ட்ரோன் கிளம்பினால் காரைக்கால் காக்கைகளில் பாதி நாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆனால் கல்யாண வீட்டில் படமெடுக்க விட்டால், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பதற்குள் பேட்டரி தீர்ந்து இறங்கிவிடும்.

கூடுதலாகப் பறக்க எடையைக் குறைத்தான். மூடியைக் கழற்றினான், கால்களைக் கழற்றினான். கடைசியில், எங்காவது விழுந்தால் கத்தி இடம் காட்டும் பீப்பியிலும் கை வைத்தான்.

"அதையாவது விட்டு வைங்க," என்றாள் மனைவி வெண்மதி.

"இந்தப் பாரம் போனா இன்னும் ரெண்டு தெரு சுத்தலாம்டி."

"ஒங்க தொப்பையக் கழட்ட முடியுதான்னு பாருங்க. ஊருக்கே பாரம்."

துபாயில் இருக்கும் நண்பன் ஜவஹர் அலிக்குத் தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. "எங்கத்தாவ மட்டுமாச்சும் எடுத்து அனுப்புடா," என்று கேட்டிருந்தான். அத்தா பீர் மைதீனோ, கேமராவைக் கண்டால் சுவருக்குள் புகுந்துவிடுகிற ஆள். ரேஷன் கார்டில்கூடப் பாதி முகம்தான். கல்யாணத்தன்று நெரவியில், தலைக்கு மேல் ட்ரோன் நின்றதும், மகனே வந்துவிட்டதுபோல் கையை ஆட்டினார்.

பேட்டரி மிச்சம் இருக்கவே, சிலம்பரசன் வயல் பக்கமும் ஓட்டினான். கடற்காற்று ஒரு தள்ளு தள்ளியது. விளைந்த நெல்லுக்குள் விழுந்தது ட்ரோன். படமெல்லாம் அதற்குள் இருந்த கார்டில். வயலையே தலைவாரியதுபோல் விலக்கித் தேடினான். கத்திக் கூப்பிட அதற்கு வாய் இல்லை. அறுவடை மெஷின் போனபின் வைக்கோலில் ஒரு இறக்கை மட்டும் கிடைத்தது.

"வுடுங்க மாப்புள, அடுத்த வாட்டி புதுக் கைலி கட்டிக்கிட்டு நிக்கிறேன்," என்று பீர் மைதீன் சிரித்தார். புது ட்ரோன் தயாராகும் முன்பே மௌத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டார்.

புதிய ட்ரோனில் மைக்செட் பீப்பியையே கட்டினான். அது கத்தினால் கோட்டுச்சேரிமேட்டுப் படகுகள் புயலென்று கரைக்குத் திரும்பும். அந்தப் பாரத்தில் பறப்பது என்னவோ ஒரு தெருதான்.

போன வாரம் ஜவஹர் அலி வீடியோ காலில் வந்தான்.

"அத்தா கைய எப்புடிடா ஆட்டுனாரு?"

சிலம்பரசன் போன் முன்னால் ஆட்டிக் காட்டினான்.

"சிரிச்சாரா?"

கை ஆடியது ஓரக்கண்ணில் பட்டது, அவ்வளவுதான். பீர் மைதீன் நின்ற நேரம் முழுக்க அவன் ரிமோட் திரையின் மூலையில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்றே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சாருடா," என்றான்.