சப்பாத்துக் கடையில் அன்னம்மா ரீச்சர்

வெள்ளிக்கிழமை முதற்பாடம் முடியமுன் எங்கள் பாடசாலைக் காவலாளி வகுப்பு வாசலில் வந்து நின்றார். "அன்னம்மா ரீச்சர் விடியப்புறம் ஆஸ்பத்திரியில கண்ணை மூடிட்டாவாம்" என்றார். கையிலிருந்த சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பாடசாலைக்கு அவர் வரமுன் கொட்டாஞ்சேனையில் அவருடன் படிப்பித்த உங்களுக்கு மட்டுமே இதை எழுதுகிறேன். செத்தவீட்டில் அமைதியான பெண் என்று அவரைப் புகழ்ந்தீர்கள். கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய புருஷன் தபால் கந்தோரில் வேலை செய்தவர், காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த வருடம் மகள் ரீற்றாவுக்கும் காய்ச்சல் கண்டு ஒரு கால் சூம்பியது. அப்போது பிள்ளைக்கு நாலு வயது. எலும்பு முற்றமுன் இரும்புப் பட்டை பூட்டிய சப்பாத்துப் போடாவிட்டால் ஒருநாளும் நடக்கமாட்டாள் என்றார் டொக்டர். அதைச் செய்து கொடுக்கிற கடை, கொழும்புக் கோட்டையில் வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்கள் வீட்டு நோனாமாரும் போகிற கடை. அன்னம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியே போனார். கறுத்த உடம்பு, நூல் சேலை, காலில் செருப்பில்லை. "உங்கட ஆக்களுக்குப் புறக்கோட்டையில கடை இருக்கு" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

மறுகிழமை நானும் கூடப் போனேன், சண்டை பிடிக்கவென்றே. அன்று வேறொருவன் நின்றான். ரீற்றா தகப்பனைப் போல நல்ல வெள்ளை. அவன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான், தாயை மேலும் கீழும் பார்த்தான். "ஆயா, நோனா எங்கே?" என்றான்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அன்னம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"நோனாவுக்குச் சுகமில்லை, மாத்தையா. என்னைத்தான் அனுப்பினவ."

உடனே இருக்கக் கதிரை வந்தது, அளவுநாடா வந்தது, பிள்ளைக்கு இனிப்பும் வந்தது. காலைப் பிடித்து அளந்தபோது ரீற்றா பயந்துபோய் "அம்மா!" என்று கத்தினாள். "அழாதேங்கோ மிஸி, அம்மா வீட்டில இருக்கிறா" என்றார் பெற்ற தாய்.

ட்ராமில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். "உமக்கு ரோசமே இல்லையோ?"

"ரோசத்தைக் காலில பூட்டினாப் பிள்ளை நடக்குமோ, ரீச்சர்?"

கால் வளர வளரப் புதுச் சப்பாத்து வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆயாவாகவே போனார். "கடைக்குள்ள ஆயா, வெளியில அம்மா" என்று வழிநெடுகப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார். அவளும் விளையாட்டுப் போலப் பழகிக்கொண்டாள். ஒருநாள் இனிப் பட்டை வேண்டாமென்று டொக்டர் கழற்றினார். நடந்தாள், ஓடினாள், கொன்வென்டில் படிக்கப் போனாள்.

போன மாரியில் நல்ல மழை. அன்னம்மாவும் நானும் குடை கொண்டு கொன்வென்ட் வாசலுக்குப் போனோம். உள்ளே ரீற்றாவுடன் நின்ற பிள்ளைகள், ஆர் அது என்று கேட்டார்கள். ரீற்றா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கட ஆயா" என்றாள்.

அன்னம்மாவுக்குக் கேட்டது. குடையைக் கொன்வென்ட் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "நான் பழக்கினதுதானே, ரீச்சர்" என்றார். பிறகு அந்தப் பக்கமே அவர் போனதில்லை. சாவதற்கு முதல்நாள், வியாழன் மத்தியானம், வகுப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதுகூட, "கொன்வென்டுக்கு ஆள் அனுப்பாதேங்கோ, பிள்ளைக்கு வெக்கமாயிருக்கும்" என்றார். நானும் பாவி, அனுப்பவில்லை. பள்ளி விட்டு வீட்டுக்குப் போய் அயலார் சொல்லி ரீற்றா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தாய்க்கு நினைவில்லை.

ரீற்றா இப்போது வெள்ளவத்தையில் என் வீட்டில் இருக்கிறாள். நேற்றுச் சோற்றைப் பிசைந்தபடி, "அன்ரி, அண்டைக்கு நான் சொன்னது அம்மாக்குக் கேட்டதோ?" என்றாள்.

"இல்லையடி பிள்ளை, மழையில எங்க கேக்கிறது?" என்றேன், அவள் முகத்தை நேரே பார்த்து. அன்னம்மாவிடமிருந்து நான் வைத்திருப்பது இது ஒன்றுதான்: பிள்ளைக்காக வாய் கூசாமல் பொய் சொல்வது. அவரளவுக்கு எனக்கு வராது; பிள்ளை நம்பவில்லை. அம்மா ஏதும் சொன்னவவோ என்று உங்களிடமும் வந்து கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.