கல்யாண வீட்டுக்கு மேல ஒரு வெள்ளைப் புள்ளி

போன வருஷம் பிப்ரவரி மாசம், ராஜகீழ்ப்பாக்கத்துல எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடியில ஆரம்பிச்சது இது.

எனக்கு வானத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம் உண்டு. அதுலயும் நெபுலாதான். நட்சத்திரங்கள் பிறக்கிற தூசியும் வாயுவுமான மேகம்னு வெச்சுக்கோங்க. அதுக்கு ஒழுங்கா ஏதாவது மலைக்குப் போகணும். ஆபீஸ் விட்டு மேடவாக்கம் டிராஃபிக்ல நீந்தி வீடு வந்து சேர்றவ மலைக்கு எங்க போக? தாம்பரம் பக்கத்து வானமோ சாயம் போன புடவை மாதிரி இருக்கும்.

அதனால ஒரு குறுக்கு வழி பிடிச்சேன். நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடி ஒண்ணு கேமராவுக்குள்ள இருக்கும். ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுத்து அதை எடுத்துட்டேன். லென்ஸுக்கு முன்னாடி, அந்த வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுற கறுப்பு ஃபில்டர். தூசிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிற நட்சத்திரம்கூட அதுல தெரியும். இன்னொரு லாபம், எல்இடி விளக்குல அகச்சிவப்பு கிட்டத்தட்ட கிடையாது. அதனால மொத்தத் தெருவும் படத்துல அணைஞ்சு போயிடும். "இல்லாத வெளிச்சத்தைப் பிடிக்க இவ்ளோ அலப்பறையா?"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

அன்னிக்கு எதிர் வீட்ல கல்யாணக் களை. மறுநாள் பொண்ணுக்கு நிக்காஹ். வாசல்ல பந்தல், வீடு முழுக்க சீரியல் லைட், சொந்தக்காரங்க கூட்டம். அந்தக் குடும்பத்தோட எனக்குத் தலையாட்டுற அளவுக்குத்தான் பழக்கம். இருட்டினதும் மாடியில ஸ்டாண்டை நிறுத்தினேன். ஓரியன் நெபுலா நல்ல உயரத்துல இருந்துச்சு. ஃபில்டர் சரியா மாட்டியிருக்கான்னு பாக்க முதல்ல தெருவைப் பாத்து ஒரு படம் எடுக்கறது என் வழக்கம். விளக்கெல்லாம் காணாம போயிருந்தா ஃபில்டர் சரி.

எல்லாம் காணோம். அத்தனை சீரியல் லைட்டும் காணோம். பந்தலுக்குக் கொஞ்சம் மேல, சுவத்தை ஒட்டி, ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் பளிச்சுன்னு.

நேர்ல எட்டிப் பாத்தா அந்த இடத்துல எந்த வெளிச்சமும் இல்ல. எனக்கு உடனே புரிஞ்சு போச்சு, அதாவது புரிஞ்சதா நெனச்சேன். சிசிடிவி கேமரா! ராத்திரியில பாக்கறதுக்காக அது இந்த வெளிச்சத்தைத்தான் விடும். கல்யாணக் கூட்டத்துக்குப் புதுசா மாட்டியிருக்காங்க, அதுவும் என் மாடியைப் பாத்து. வந்ததே கோவம். ஸ்டாண்டும் கையுமா விறுவிறுன்னு இறங்கிப் போனேன்.

பொண்ணோட அம்மா பூக்கூடையை வெச்சுட்டு வந்தாங்க. "உங்க கேமராவை ஒரு மணி நேரம் அணைச்சு வைக்க முடியுமா?"ன்னு கொஞ்சம் விறைப்பாவே கேட்டேன்.

"கேமராவா? எங்க வீட்ல ஏது மேடம் கேமரா?"

இல்லேங்கறாங்களேன்னு எனக்கு இன்னும் எரிச்சல். படத்தைக் காட்டினேன். அவங்க முகம் சுருங்கிப் போச்சு. "இவ்ளோ லைட்டு போட்டிருக்கோம், எங்க வீடு ஏன் இப்படி இருட்டா இருக்கு?"

சீரியல் செட் போட வந்த எலக்ட்ரீஷியனும் எட்டிப் பாத்தார். "அங்க இன்னா கீது? கம்பத்துலேர்ந்து வர்ற வயரு ஜாயிண்ட்டுதான் கீது"ன்னார்.

அந்தம்மா மேல பாத்துக்கிட்டே, "சாயந்திரம் ரெண்டு ரூம் ஏசியும் போட்டதுலேர்ந்து லைட்டு மினுக்குது"ன்னாங்க, யார்கிட்டயோ சொல்ற மாதிரி.

எனக்குள்ள என்னமோ உறுத்துச்சு. ஏசியை அணைக்கச் சொல்லிட்டு, அங்கேயே ஸ்டாண்டை ஊனி இன்னொரு படம் எடுத்தேன். புள்ளி மங்கிப் போயிருந்துச்சு. மறுபடி போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல பழையபடி பளிச்.

அப்பத்தான் நெஜமாவே புரிஞ்சுது. உலோகம் சூடேறினா, கண்ணுக்குச் சிவப்பாத் தெரியறதுக்கு முன்னாடியே அகச்சிவப்பை விட ஆரம்பிச்சிடும். படிச்சிருக்கேன், நல்லாத் தெரியும். அதை வானத்துக்கு மட்டும்னு ஒதுக்கி வெச்சிருந்தேன். ரெண்டு ஏசியும் இழுக்கற கரண்ட்ல அந்த ஜாயிண்ட் உள்ளுக்குள்ள கனன்னுக்கிட்டு இருக்கு, அதுக்கு ஒரு சாண் கீழே பந்தல் துணி. துணிக்குக் கீழே குழந்தைங்க நாற்காலியில ஏறி விளையாடுதுங்க.

"மெயினை ஆஃப் பண்ணுங்க, எல்லாரும் வெளியே வாங்க!"ன்னு கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியலை.

கல்யாண வீடு பொசுக்குன்னு அணைஞ்சுது. சொந்தக்காரங்க சில பேர் என்னைக் கொன்னுடற மாதிரி பாத்தாங்க. கரண்ட் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து, கம்பத்துல ஃபியூஸைப் பிடுங்கி, ஏணி போட்டு ஏறினார். ஜாயிண்ட் மேல சுத்தின டேப் உருகி வழிஞ்சிருந்துச்சு. வழிஞ்சது பட்ட இடத்துல துணி பழுப்பாக் கருகியிருந்துச்சு, உள்ளங்கை அளவுக்கு. அந்தம்மா அதைத் தொட்டுப் பாத்துட்டு, "யா அல்லாஹ்"ன்னு அப்படியே படியில உக்காந்துட்டாங்க. நானும் பக்கத்துல உக்காந்தேன்.

அன்னிக்கு நெபுலா எடுக்கலை. மறுநாள் நிக்காஹ் நல்லபடியா நடந்துச்சு. பிரியாணி சாப்பிட்டேன், பிரமாதம்.

இப்பவும் மாடி ஏறினா முதல் படம் தெருவுக்குத்தான். ஃபில்டருக்காகன்னு சொல்லிக்கிறேன். ஸ்டாண்டைப் பாத்துட்டா அந்தம்மா வாசல்ல வந்து நின்னு, "அக்கா, எங்க வீடு இருட்டா இருக்கா?"ன்னு கேப்பாங்க. "கும்மிருட்டா இருக்கு"ம்பேன். "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு சிரிச்சுக்கிட்டே உள்ளே போயிடுவாங்க.

ஒரு வீட்டைப் பாத்து இருண்டு கிடக்குன்னு சொன்னா நம்ம ஊர்ல அபசகுனம். எங்க ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும் அதுதான் வாழ்த்து, அதைச் சொல்லி முடிக்காம என் கேமரா வானத்தைப் பாத்துத் திரும்பறதில்லை.