நால்வரும் ஏகமனதாக

எண்பதுகளின் முற்பாதியில் நான் மெட்ராஸில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்த அன்று, லீவு கேட்டு மேனேஜர் அறைக்கு வெளியே காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றேன். உள்ளே ஏதோ மீட்டிங். சொல்லாமல் கிளம்பினால் வேலை போய்விடும். கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தபோது அப்பாவுக்குப் பேச்சு நின்று அரை நாள் ஆகியிருந்தது. மறுநாள் போய்விட்டார். நான் மெட்ராஸுக்குத் திரும்பவில்லை.

ஊரில் மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் ஏறத் தொடங்கிய சமயம் அது. சாயங்காலமானால் சுற்றுப்பட்டு பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும், டிவியில் படம் சுருங்கிப்போகும். டிவி வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஸ்டெபிலைசர் வேண்டியிருந்தது. அதை நாமே செய்தால் என்ன என்று நாலு பேர் சேர்ந்தோம். தகரவேலையில் பேர்போன முஸ்லிம் குடும்பத்திலிருந்து வந்த பாய், ஸ்டெபிலைசருக்குத் தகரப் பெட்டி செய்வதாகச் சொன்னார். என்னோடு பாலிடெக்னிக் படித்த நண்பன் போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர் என்று கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பான். ரிலே, சர்க்யூட், கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. உயிரான வேலை டிரான்ஸ்பார்மர் சுற்றுவது. அதற்கு, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட ஒருவர் வந்தார்.

அக்கா கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூரில் அண்ணன் வீட்டில் தங்கி ஆறு வருடம் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்தவர். கம்பியை விரலிடுக்கில் ஓடவிட்டே எங்கே எனாமல் பூச்சு உரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் மூவரையும்விட மூத்தவர். என்னைத் தம்பி என்பார்.

இங்கே மேனேஜர் கிடையாது, முதலாளி கிடையாது என்று முதல் நாளே நான்தான் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் நாலு பேரும் ஜமுக்காளம் விரித்து உட்காருவோம். நாலு பேரும் சரி என்றால்தான் ஒரு காரியம் நடக்கும்; ஒருவர் வேண்டாம் என்றாலும் நடக்காது. முடிவை ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். லைசென்ஸ் விண்ணப்பத்தில் நிர்வாகி பெயருக்கு ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அதில் நாலு பெயரையும் எறும்பு எறும்பாக எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பத்தை வாங்கிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சண்டை வந்தா யாரைங்க கூப்பிடறது?" என்றார். சண்டையே வராது என்றேன்.

முதல் இரண்டு வருடம் வரவும் இல்லை. பெட்டிக்குச் சாம்பல் நிறமா பச்சையா என்று மூன்று திங்கட்கிழமை பேசினோம். சுற்றும் மிஷினை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று அக்கா கேட்டபோது, அதற்காகப் பாய் தன் தகரவேலை மேடையையே இடித்துத் தள்ளிப் போட்டார். நண்பர்கள் யாராவது வந்தால் நான் அந்த நோட்டை எடுத்துக் காட்டுவேன். அவ்வளவு பெருமை.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று இப்போது எனக்குத் தெரியும். செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூன்று ஆண்களும் அங்கே கூடுவது பழக்கமாயிற்று. முதலில் சினிமா, அரசியல். பிறகு மறுநாள் பேச வேண்டிய விஷயம். நான் பேச்சுத் திறமை உள்ளவன். டம்ளர் காலியாவதற்குள் இருவரையும் என் பக்கம் இழுத்துவிடுவேன். திங்கட்கிழமை ஜமுக்காளத்தில் உட்காரும்போது மூன்று பேரின் முடிவு கையிலிருக்கும். அக்காவிடம் கேட்பது மட்டும்தான் பாக்கி. அக்கா டீக்கடைக்கு வர முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அது வசதியாக இருந்தது.

மூன்றாவது வருடம் ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும் என்று கீழ்பென்னாத்தூர் கடை ஒன்று நாற்பது ஸ்டெபிலைசர் கேட்டது. அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். சுற்றி முடித்த டிரான்ஸ்பார்மரை வார்னிஷில் முக்கி நன்றாகக் காய வைக்க வேண்டும். அந்த வருடம் மழை விடவேயில்லை. குண்டு பல்புகளை எரியவிட்டு அந்தச் சூட்டில் வைத்தும் உள்ளே பிசுபிசுப்பு போகவில்லை.

திங்கட்கிழமை அக்கா ஒரு டிரான்ஸ்பார்மரைக் கையில் எடுத்து வந்து ஜமுக்காளத்தின் நடுவில் வைத்தார்.

"மேல காஞ்ச மாதிரி இருக்குது. உள்ள ஈரம் அப்படியே இருக்குது. இன்னும் நாலு நாள் வேணும். இப்ப அனுப்பக் கூடாது."

"நாலு நாள்ல தீபாவளி முடிஞ்சிடும்க்கா" என்றான் நண்பன்.

"முடியட்டும். நான் ஒத்துக்கல."

எங்கள் விதிப்படி பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் மெதுவாகத்தான் பேசினேன். குரலை உயர்த்தவில்லை, அது இன்னும் மோசம்.

"அக்கா, நாங்க மூணு பேரு சொல்றோம். உங்க ஒருத்தருக்காக இந்த ஆர்டர் போவணுமா? அப்புறம் அந்தக் கடைக்காரன் நம்ம மூஞ்சியில முழிப்பானா?"

அக்கா என்னையே பார்த்தார். பிறகு டிரான்ஸ்பார்மரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம், போடுங்க" என்றார். நான் நோட்டில் "நால்வரும் ஏகமனதாக" என்று எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

தீபாவளி முடிந்த வாரம் ஒருவர் கோணிப்பையில் எங்கள் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஒரு கிராமம். நிலத்தில் மணிலாக் கடலை போட்டு விற்ற பணத்தில் டிவி வாங்கியவர். பெட்டி கருகிப்போயிருந்தது. புகை வருகிறதே என்று அவர் மனைவி அதை டிவி பக்கத்திலிருந்து கையால் தள்ளியிருக்கிறார். உள்ளங்கை வெந்துவிட்டது.

"இங்க யாருங்க மொதலாளி?"

நான் முன்னால் போனேன். "மொதலாளினு யாரும் இல்லீங்க. நாலு பேரும் சேந்துதான் எல்லாம் முடிவு பண்றோம்."

எத்தனையோ தடவை சொன்ன பதில்தான். அன்றைக்கு அதைச் சொல்லும்போதே அதன் பின்னால் போய் நான் ஒளிந்துகொள்வது எனக்கே தெரிந்தது.

அவருக்குப் புரியவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். இதைச் சுத்துனது யாரு?"

ஜன்னலோரம் மிஷினுக்கு முன்னால் இருந்த அக்கா எழுந்து நின்றார்.

"நான்தாங்க."

"வேலை தெரியாத பொம்பளைங்களை உக்கார வச்சி வேலை வாங்குனா இப்படித்தான் ஆவும். என் சம்சாரம் ஒரு கைப்பிடி சோறு பிசைய முடியாம கிடக்குறா, தெரியுமா?"

அவர் இன்னும் நிறையப் பேசினார். அக்கா எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார். அனுப்பக் கூடாது என்று இவர் சொன்னார், நான்தான் அனுப்ப வைத்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. பாயும் நண்பனும்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விற்காமல் கடையில் இருந்தவற்றையும், வீடு வீடாகத் தேடி மற்றவற்றையும் திரும்ப எடுத்து வந்தோம். எரிந்துபோன பெட்டிக்குப் பதில் புதிதாக ஒன்றைச் சுற்றி, அக்காவே அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். மீதி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்றினார். மூன்று வாரம் ஆயிற்று. கடைசி டிரான்ஸ்பார்மர் காய்ந்ததும் தன் கத்தரிக்கோலையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் போட்டார்.

"நாளையிலேர்ந்து வரல தம்பி."

"ஏன்க்கா, பேசிக்கலாம். திங்கட்கிழமை உக்காந்து..."

"மொதலாளினு ஒருத்தன் இருந்தா அவனைத் திட்டிட்டாவது வீட்டுக்குப் போவலாம். இங்க நான் யாரைத் திட்றது?"

அதற்குப் பிறகு கம்பெனி இரண்டு வருடம் ஓடியது. திங்கட்கிழமை ஜமுக்காளம் விரிப்பது நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வேலூரிலிருந்து வைண்டிங்குக்கு ஆள் வைத்தோம். பாய், "நீயே பாத்துக்கப்பா, எத்தனை பெட்டி வேணும்னு மட்டும் எனக்குச் சொல்லு" என்று தன் குடும்பத்துப் பட்டறைக்கே திரும்பிப் போனார். நண்பனுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்தது. கடைசியில் போர்டில் என் பெயர் மட்டும் இருந்தது. பிறகு அந்தப் போர்டையும் கழற்றினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அக்காவைத் தேடி அவர் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் ஏழெட்டு பம்புசெட் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. அக்காவும் அவர் நாத்தனாரும் மோட்டார் வைண்டிங் பண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு மோர் கொடுத்தார். பிள்ளைகளை விசாரித்தார். நான் கிளம்பும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கு உங்க மேல தப்பில்லனு நான் சொல்லியிருக்கணும்க்கா."

அக்கா வேலையை நிறுத்தவில்லை. "அது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. அந்த ஆளுக்குத்தான் தெரியாது. அவர்கிட்ட போய்ச் சொன்னியா?"

இல்லை என்றேன். அக்கா அடுத்த மோட்டாரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ், கருகிய பெட்டியைக் கொண்டுவந்தவரின் ஊர் வழியாகத்தான் வந்தது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லி விசில் கொடுத்தார். இரண்டு பேர் மூட்டைகளோடு இறங்கினார்கள். அடுத்த வாரம் இதற்கென்றே வரலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.